ஃபெஞ்சல் புயலும் நான் எழுதிய ஏழாம் விதியும்

கைப்பேசியில் கூட்டணியாகச் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டு ஒன்றில் 59,640 ரூபாயையும் ஏறத்தாழ 1,200 மணி நேரத்தையும் இழந்தவள் நான். விளையாட்டு என்றால் தோல்வி இருக்கத்தான் செய்யும். அதற்காக யாரும் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. ஆடுபவர்களே கூடி வகுத்துக்கொண்ட நடத்தை விதிகளை நம்பி, அந்த நம்பிக்கையின் பேரில் என்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை ஒவ்வொன்றாக நான் கைவிட்ட கதையைத்தான் சொல்ல வந்தேன். அவ்விதிகளில் பாதியை எழுதியவளும் நானே என்பதால், எங்கே பிசகியது என்பதைச் சற்றுத் தெளிவாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். முன்பே ஒருவர் இதை எனக்குச் சொல்லியிருந்தால், 2024 டிசம்பர் முதல் வாரம் எனக்கு வேறு விதமாகக் கழிந்திருக்கும்.

புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ரெயின்போ நகரில் முதல் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். 2023 ஆகஸ்டில் அம்மாவை ஜிப்மரில் சேர்த்திருந்தோம். இரவுகளில் வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களில் விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவனும் இருந்தான். தூக்கம் வராமல் நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, அவன்தான் இந்த விளையாட்டை என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தான். அம்மா தேறிக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தம்பி வீட்டுக்குப் போன பிறகும் விளையாட்டு என்னோடு தங்கிவிட்டது. பயந்திருந்த நாட்களில் துணையிருந்த எதையும் மனம் எளிதில் விடுவதில்லை. நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் என்பது எனக்கு அப்போது அதிகமாகத் தெரியவில்லை.

ஆடாதவர்களுக்காக ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நகரம் உண்டு. வெளியே வயல், காடு, கற்குவாரி, சுரங்கம் என்று வளங்கள் இருக்கும். படையை அனுப்பி அவற்றைச் சேகரிக்க வேண்டும். சேகரிக்கும் படையையும் பிறர் அடிக்கலாம், நகரத்தையும் அடிக்கலாம். நகரம் அடிபடும்போது காயமடையும் வீரர்களை உள்ளிருக்கும் மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும். அதன் கொள்ளளவைத் தாண்டியவர்கள் இறந்தவர்கள்தாம், திரும்ப வரமாட்டார்கள். ஒருவருடைய படையை முழுவதுமாக இப்படி அழிப்பதை "ஜீரோ ஆக்குவது" என்பார்கள். இதற்குத் தடுப்பு "பப்பிள்" என்ற கவசம். 8 மணி நேரம், 24 மணி நேரம், 3 நாள் என்று கிடைக்கும். நூறு பேர் வரை சேர்ந்தது ஒரு கூட்டணி. தலைவர் ஆர்5, அவருக்கு அடுத்த பொறுப்பாளர்கள் ஆர்4. ஒரே சர்வரில் இருக்கும் கூட்டணிகள் எல்லாம் சேர்ந்தது ஒரு ராஜ்யம்.

நிறுவனத்தின் விதிப்படி யாரும் யாரையும் எந்நேரமும் அடிக்கலாம். ஆனால் எல்லோரும் அப்படியே ஆடினால் ராஜ்யம் மூன்று மாதத்தில் காலியாகிவிடும். வலியவர்கள் எளியவர்களைத் தினமும் அடிப்பார்கள், எளியவர்கள் வெறுத்து விலகுவார்கள், பிறகு வேறொரு ராஜ்யத்தோடு போர் வரும்போது கூட நிற்க ஆள் இருக்காது. ஆகவே ஆடுபவர்களே தங்களுக்குள் ஒரு சட்டத்தை எழுதிக்கொள்கிறார்கள். இது இரக்கத்தால் வருவது என்று நான் முதலில் எண்ணினேன். கணக்கு எழுதுபவள் என்ற முறையில் பின்னர் யோசித்தபோது, ஆள் குறையாமல் காக்கும் கணக்கே இதில் பெரும்பங்கு என்று புரிந்தது. இந்த வழக்கம் புதியதும் அன்று. 2000களில் என் அண்ணன் புதுச்சேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் நண்பர்களோடு கவுண்டர் ஸ்டிரைக் ஆடுவான். உடம்பில் ஒரு குண்டு பட்டாலே ஆளை வீழ்த்திவிடும் ஏடபிள்யூபி துப்பாக்கியை யாரும் வாங்கக் கூடாது என்று அங்கே ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்களாம். மீறினால் அடுத்த ஒரு மணி நேரக் கட்டணம் மீறியவனுடையது. பத்துப் பேரும் ஒரே அறையில் இருந்தார்கள், காசு வாங்குபவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஆகவே அந்த விதி நின்றது.

2024 மார்ச்சில் எங்கள் ராஜ்யத்தின் முதல் பத்துக் கூட்டணிகள் ஒருவர் நகரை ஒருவர் தாக்குவதில்லை என்று உடன்படிக்கை செய்தன. அதற்குள் நான் ஆர்4 ஆகியிருந்தேன். ஒழுங்காக எழுதுவேன் என்பதால் விதிகளைத் தொகுக்கும் வேலை எனக்கு வந்தது. உலகில் மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளிப் போர் விளையாட்டில், ஆடுபவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட இரண்டு வழக்கங்கள் உண்டு. நண்பர் என்று நீல அடையாளம் இல்லாத எவரையும் சுடு என்பது ஒன்று. பகைவர் என்று சிவப்பு அடையாளம் இல்லாத எவரையும் சுடாதே என்பது மற்றொன்று. அங்கே பிராவிடன்ஸ் என்ற பகுதியை ஆண்டவர்கள் பல ஆண்டுகள் இந்த இரண்டாம் வழக்கத்தைக் கடைப்பிடித்தார்கள். அறிமுகமில்லாதவரை எப்படி நடத்துவது என்ற ஒரே கேள்விக்கு இரு ஊர்கள் சொன்ன இரு விடைகள் இவை. எங்கள் கூட்டணியில் வில்லியனூரைச் சேர்ந்த தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் புறநானூற்றின் 9ஆம் பாட்டை எடுத்துக்காட்டி, அம்பு விடப் போகிறோம், பசுக்களும் பெண்டிரும் பிணியுடையோரும் அரண் தேடிக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டி அறிவித்த மரபு நமக்கு உண்டு, ஆகவே போரிட இயலாதவருக்கு ஒரு விதி வேண்டும் என்றார். அதிலிருந்து பிறந்ததுதான் ஏழாம் விதி.

மொத்தம் பன்னிரண்டு விதிகள் எழுதினோம். அவற்றில் எவை நடைமுறையில் வேலை செய்தன என்பதை இப்போது திரும்பிப் பார்க்கையில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. ஆபாசமாகப் பேசுபவரை எந்த ஆர்4 வேண்டுமானாலும் அந்தக் கணமே பேச முடியாதபடி நிறுத்தலாம் என்ற விதி மிக நன்றாக வேலை செய்தது. நான் பெண் என்று தெரிந்த பிறகு வந்த தொல்லைகளை அந்த ஒரு பொத்தானே நிறுத்தியது. யாரிடமும் மன்றாட வேண்டியிருக்கவில்லை. சேகரிக்கும் படையைத் தெரியாமல் அடித்தவர் 24 மணி நேரத்துக்குள் வளத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் பெரும்பாலும் நின்றது. திருப்ப வேண்டியது சிறு தொகை, அதற்காகப் பெயரைக் கெடுத்துக்கொள்ள யாரும் விரும்பவில்லை. பாதிக்கப்பட்டவர் கையிலேயே மருந்து இருந்த விதிகளும், மீறியவருக்கு ஈடுசெய்வது மலிவாக இருந்த விதிகளும் நின்றன. இழப்பு பெரிதாகி, ஐந்து பேர் கூடி வாக்களித்தால்தான் நியாயம் என்ற இடத்தில் விதி வெறும் தாளாகிவிட்டது. நீங்கள் ஒரு கூட்டணியில் சேருமுன் அதன் விதிப்பட்டியலைப் படிப்பதோடு நிற்காதீர்கள். கடைசியாக வந்த மூன்று வழக்குகள் எவை, யார் தீர்த்தார்கள், தோற்றவர் உண்மையில் ஈடு கொடுத்தாரா என்று கேளுங்கள். முதலிடத்தில் இருக்கும் கூட்டணிக்கு எதிராக ஒரு தீர்ப்பாவது வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏழாம் விதி இதுதான். ஊருக்குப் போகிறவர், தேர்வு எழுதுகிறவர், மருத்துவமனையில் இருப்பவர் ஆகியோர் ராஜ்யத்தில் எல்லோரும் பேசும் பொதுக்குழுவில் சர்வர் தேதியைக் குறிப்பிட்டு அறிவித்தால், அதிகபட்சம் மூன்று நாட்கள் அவர் நகரத்தை யாரும் தொடக் கூடாது. நகரத் தாக்குதலுக்கு உடன்படிக்கை விலக்குத் தரும் போர்த் திருவிழா நாட்களிலும் தொடக் கூடாது. நீட்டிப்பு வேண்டுமானால், முந்தைய அறிவிப்பு முடிவதற்குள் ஆடுபவரே வந்து கோர வேண்டும். "ஆடுபவரே" என்ற சொல்லை வற்புறுத்திச் சேர்த்தவள் நான்தான். அதற்கு முன் ஒருவர் தன் நண்பர் மூலமாகவே நீட்டித்து நீட்டித்து, இரண்டு மாதம் யாரும் தொட முடியாத நகரத்தில் வளங்களைக் குவித்திருந்தார். அந்த ஓட்டையை அடைப்பதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தது. எழுந்து வந்து கோர முடியாத நிலையில் ஒருவர் இருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை மாலை. புயல் மறுநாள் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடக்கும் என்று எச்சரிக்கை இருந்தது. மின்சாரம் போய்விடும் என்று தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைக் கண்டவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பால், மெழுகுவத்தி, அரிசி வாங்கி வைத்தேன், தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன், டிசம்பர் 1 வரை வர இயலாது என்று பொதுக்குழுவில் அறிவித்தேன். என்னிடம் மூன்று நாள் பப்பிள்கள் இரண்டு இருந்தன. விதி இருக்கும்போது அவற்றை ஏன் வீணாக்க வேண்டும் என்று எண்ணி, 24 மணி நேரப் பப்பிள் ஒன்றை மட்டும் 30ஆம் தேதி காலையில் போட்டேன். இதை வாசிக்கும் யாருக்கும் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: கையில் இருக்கும் கவசத்தை விதிக்காகச் சேமிக்காதீர்கள். கவசத்தை மீற எந்த ஆர்5 நினைத்தாலும் முடியாது. விதியை மீறுவதற்கு ஒருவர் மனம் மாறினால் போதும்.

ஃபெஞ்சல் 30ஆம் தேதி இரவு கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஞாயிறு காலையில் எங்கள் தெரு தெருவாக இல்லை. கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வீட்டுக்காரப் பெரியவரையும் அவர் மனைவியையும் மாடிக்கு அழைத்துக்கொண்டோம். பக்கத்துக் கிருஷ்ணா நகரில் இராணுவத்தினர் படகில் வந்து ஆட்களை மீட்டார்கள். இன்வெர்ட்டர் முதல் இரவிலேயே நின்றுவிட்டது. கைப்பேசியில் கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த சார்ஜை அம்மாவோடு பேசுவதற்காக வைத்திருந்தேன். அதற்கும் பாதி நேரம் சிக்னல் இல்லை. அந்த மூன்று நாளும் விளையாட்டை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். நினைத்தேன், அறிவித்திருக்கிறோமே என்று ஆறுதலும் அடைந்தேன்.

3ஆம் தேதி இரவு மின்சாரம் வந்தது. கைப்பேசி உயிர்பெற்றதும் செய்திகள் குவிந்தன. அவற்றில் ஒன்று கடலூரிலிருந்து வந்த குரல் பதிவு. அனுப்பியவன் எங்கள் கூட்டணியின் தம்பி ஒருவன். தென்பெண்ணைக் கரையை ஒட்டிய பகுதியில் அவன் வீடு. அதைக் கேட்பதற்கு முன் நான் விளையாட்டைத் திறந்தேன். இந்தக் கட்டுரையில் நான் எழுதத் தயங்கிய வரி இது. நகரம் எரிந்துகொண்டிருந்தது. 11 லட்சம் வீரர்களில் மருத்துவமனையில் இருந்த 1.6 லட்சம் பேர் போக எவரும் இல்லை. அறிக்கையில் 2ஆம் தேதி காலை 11.40க்கு முதல் தாக்குதல். அதன் பிறகு எடுக்க எதுவுமே இல்லாத நகரத்தின் மேல் மேலும் நான்கு தாக்குதல்கள். தாக்கியவர்கள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நான்காம் கூட்டணியினர். நான் அழுதேன். அரை மணி நேரம் கழித்துத்தான் அந்தக் குரல் பதிவைக் கேட்டேன். "அக்கா, தண்ணி உள்ள வந்துருச்சு, நாங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துல இருக்கோம், உங்க பப்பிள போட முடியல, மன்னிச்சிருங்கக்கா." சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்து கடலூரின் கரையோரப் பகுதிகளில் புகுந்திருந்தது. வீட்டில் வெள்ளம் புகுந்த ஒருவன், என் விளையாட்டு நகரத்துக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தான்.

அவன் என் "காவலாள்". வெளியூர் போகும்போது நம்பிக்கையான ஒருவரிடம் நுழைவுச் சொல்லைக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் இந்த விளையாட்டுகளில் பரவலாக உண்டு. எங்கள் விதிகளிலேயே அதற்கு இடம் இருந்தது. இதில் இரண்டு தவறுகளைச் செய்தேன். முதலாவது, காவலாளை என் ஊருக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் தேர்ந்தெடுத்தது. ஒரே புயல் எங்கள் இருவரையும் ஒரே இரவில் இருட்டாக்கியது. இரண்டாவது, பிறருக்கு நுழைவுச் சொல்லைத் தருவது நிறுவனத்தின் நிபந்தனைகளுக்கே எதிரானது என்பதைப் பொருட்படுத்தாதது. அதனால் பின்னர் நிறுவனத்திடம் முறையிட நினைத்தபோது, முதலில் என் தவறையே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. போதாததற்கு, விளையாட்டுக்கும் என் மின்னஞ்சலுக்கும் ஒரே கடவுச்சொல். தம்பி நேர்மையானவன் என்பதால் தப்பினேன். நுழைவுச் சொல்லை யாருக்கும் தராமல் நீண்ட பப்பிளைப் போடுவதே நல்லது. ஏற்கெனவே தந்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

ஐந்து தலைவர்கள் கொண்ட ராஜ்யக் குழுவிடம் 4ஆம் தேதி புகார் கொடுத்தேன். மறுநாள் தீர்ப்பு வந்தது. சர்வர் தேதிப்படி டிசம்பர் 1 முடிவது நமக்கு 2ஆம் தேதி காலை 5.30 மணிக்கு, தாக்குதல் அதற்கு ஆறு மணி நேரத்துக்குப் பின் நடந்தது, அப்போது போர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது, நீட்டிப்பை ஆடுபவரே கோரவில்லை, ஆகவே மீறல் இல்லை. என் சொற்களையே எடுத்து எனக்குத் திருப்பி வாசித்தார்கள். ஐவரில் இருவர் எனக்கு ஆதரவு, இருவர் எதிர். ஐந்தாமவர் எங்கள் கூட்டணித் தலைவர், அவர் வாக்களிக்கவில்லை. அதே வாரம் நான்காம் கூட்டணியோடு சேர்ந்து வெளிப்போருக்குப் போக அவர் பேசிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. வாக்குச் சமமானால் புகார் தள்ளுபடி என்பதும் நான் எழுதிய விதிதான். ஒன்பது மாதம் தினமும் பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர். அடித்தவர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் சில நாட்களில் ஆறியது. அவருடைய மௌனம் இன்னும் ஆறவில்லை.

சர்வர் நேரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல விளையாட்டுகளில் நாள் மாறுவது கிரீன்விச் நள்ளிரவில், அதாவது நமக்குக் காலை 5.30க்கு. "1ஆம் தேதி வரை" என்று எழுதினால் அது எப்போது முடிகிறது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். அறிவிப்பில் சர்வர் நேரத்தையும் இந்திய நேரத்தையும் இரண்டையும் மணிக்கணக்கோடு எழுதுங்கள். நினைத்ததற்கு ஒரு நாள் கூடுதலாகக் கேளுங்கள். ஈவ் ஆன்லைனில் 2014 ஜனவரி 27 அன்று, ஒரு விண்மீன் பகுதிக்குக் கட்ட வேண்டிய தவணை கட்டப்படாமல் போனதால் அதன் உரிமை நழுவி, அதைப் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஏறத்தாழ 21 மணி நேரம் போரிட்டார்கள். டைட்டன் எனப்படும் மிகப் பெரிய போர்க்கப்பல்கள் 75 அழிந்தன, இழப்பின் மதிப்பு ஏறத்தாழ 3 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். மார்ச்சில் விதிகளை எழுதும்போது இதை நான் படித்திருந்தேன், வியந்தும் இருந்தேன். தவறிய ஒரு தேதிக்கு எதிராளி இரங்கமாட்டார் என்ற பாடம் என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்து நடந்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுவே மிகப் பயனுள்ள பகுதி. படை அழிந்ததைக் கண்ட அன்றிரவே திரையில் "மீட்புப் பொதி" என்று ஒன்று தோன்றியது. 24 மணி நேரம் மட்டும் கிடைக்கும் என்று கடிகாரம் ஓடியது. அதுவரை பதினான்கு மாதங்களில் நான் செலவழித்தது 38,640 ரூபாய். மாதக் கணக்கில் பிரித்து, சினிமாவுக்குப் போவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்ட பணம். 4ஆம் தேதி முதல் 6ஆம் தேதி வரையிலான மூன்று நாளில் மட்டும் 13,500 ரூபாய் செலவழித்தேன். கீழ்வீட்டுப் பெரியவர் நனைந்த மெத்தையை வெயிலில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் மாடியில் நின்று கற்பனை வீரர்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். பெரிய இழப்புக்குப் பின் 72 மணி நேரம் ஒரு ரூபாயும் கட்டுவதில்லை என்று இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். முடிந்தால் கைப்பேசியின் செயலிக் கடையில் (ஆப் ஸ்டோரில்) சேமித்து வைத்திருக்கும் அட்டை விவரங்களை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எண்களைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் புத்தி திரும்ப வாய்ப்பு உண்டு. எனக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

அந்த நிலையில்தான் வேறொரு கூட்டணியின் ஆர்4 ஒருவர் தனியாகத் தொடர்புகொண்டு, தன்னிடம் மிகுதியாக உள்ள வளங்களை 7,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். உறுப்பினர்களுக்கு இடையிலான பரிமாற்றத்துக்கு ராஜ்யக் குழு பொறுப்பு என்பது எங்கள் பதினோராம் விதி. அதை நம்பி 7ஆம் தேதி யுபிஐ வழியாகப் பணம் அனுப்பினேன். வளம் வரவில்லை, இரண்டு நாளில் அவர் கணக்கே மறைந்துவிட்டது. குழுவிடம் சொன்னேன். நாங்களே பேசித் தீர்க்கிறோம், வெளியே கொண்டுபோக வேண்டாம் என்றார்கள். ஆறு நாள் காத்திருந்தேன். அதன் பிறகுதான் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, தேசிய இணையதளத்திலும் புகாரைப் பதிந்தேன். முதல் கேள்வியே, எப்போது அனுப்பினீர்கள் என்பதுதான். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடுவதற்குள் நிறுத்தினால்தான் மீட்கும் வாய்ப்பு இருக்கிறது. அந்த நேரத்தை நான் விளையாட்டின் நீதிமன்றத்தில் செலவழித்துவிட்டேன். அந்தப் பணம் இன்னும் வரவில்லை. விளையாட்டுக்கு வெளியே ஒரு ரூபாய் கைமாறினாலும் விளையாட்டின் விதிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்தது தெரிந்த கணமே 1930ஐ அழையுங்கள். யுபிஐ பரிமாற்ற எண், எதிராளியின் யுபிஐ முகவரி, உரையாடல் ஆகியவற்றை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளையாட்டுக்குள் நடக்கும் பேச்சு சில நாட்களில் மேலேறி மறைந்துவிடும், என் வழக்கில் பாதி சான்று அப்படித்தான் போனது.

என் உடன்பிறந்த தம்பியின் மனைவியிடம்தான் முதலில் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். நகைச் சீட்டுக்குக் கட்ட வேண்டிய பணமா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும், சரி அண்ணி, சாப்பிடுங்க என்றாள். பொங்கலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் போனபோது அந்தக் காவலாள் தம்பியையும் நேரில் பார்த்தேன். அவன் வீட்டுச் சுவரில் வெள்ளக்கோடு என் தோளுயரத்துக்கு இருந்தது. அவன் விளையாட்டை விட்டுவிட்டான். நான் அந்த ராஜ்யத்தை மட்டும் விட்டேன். விலகுமுன் ஏழாம் விதியைத் திருத்தச் சொல்லி ஒரு முன்மொழிவு வைத்தேன். அதற்கும் இரண்டே வாக்குகள்.

இப்போது வேறொரு ராஜ்யத்தில், தினம் அரை மணி நேரம், பணம் கட்டாமல் ஆடுகிறேன். இங்கும் விதி எழுதும் வேலை என்னிடம் வந்தபோது, பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு 2023இல் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளை ஆடுபவர்களுக்காக முன்வைத்த நான்கு விதிகளை எடுத்துப் படித்தேன். வீழ்ந்துகிடக்கும், எதிர்க்க முடியாத எதிரியைச் சுடாதே என்பது அவற்றில் ஒன்று. காலியான என் நகரத்தின் மேல் விழுந்த அந்த நான்கு தாக்குதல்கள் நினைவுக்கு வந்தன. விதியை ஐந்து முறை மாற்றி எழுதினேன். கடலோர மாவட்டங்களில் ஆடுபவர்கள் யாராக இருந்தாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

"வானிலைத் துறை புயல் அல்லது கனமழைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்த மாவட்டத்தில் இருப்பவரின் அறிவிப்பு, அவர் மீண்டும் உள்ளே வரும் வரை, அதிகபட்சம் பத்து நாட்களுக்குத் தானாகவே நீளும், அவர் சார்பில் எந்த உறுப்பினரும் அறிவிக்கலாம். விடுப்பு அறிவித்தவரின் நகரம் தவறுதலாகத் தாக்கப்பட்டால், முதல் அறிக்கையோடு தாக்குதல் நிற்க வேண்டும். இழந்த வளத்தில் பாதியை, தீர்ப்புக்குக் காத்திராமல், தாக்கியவரின் கூட்டணி பொதுக் களஞ்சியத்திலிருந்து உடனே தர வேண்டும். தாக்கியவரின் கூட்டணியோடு அந்த மாதத்தில் போர் ஒப்பந்தம் பேசும் எந்தத் தலைவரும் அந்த வழக்கில் வாக்களிக்கக் கூடாது. அவர் இடத்தில், சீட்டுக் குலுக்கி எடுத்த சாதாரண உறுப்பினர் ஒருவர் அமர்வார்."